இனிப்பை ஒதுக்கிய கரப்பான்கள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துத் திட்டுவதைவிட அது மேல்.

ஏழு வருடங்களுக்கு முன்னால் ஒரு பிஸ்கட் தொழிற்சாலை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். அங்கே ஒரு விசாரணை நடந்தது. அதன் அறிக்கையை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. "உனக்குத்தான் கதையெல்லாம் எழுத வருமே, நீயே எழுதிடு" என்றார் மேனேஜர். ஆறு வாக்கியங்கள் எழுதினேன். அந்த ஆறில் ஒரு மனிதருக்கு வேலை போயிற்று. அதற்குப் பிறகு மூன்று புத்தகங்கள் எழுதிவிட்டேன், எதுவும் யாரையும் அசைத்ததாகத் தகவல் இல்லை.

அந்த ஆறில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அதுதான் உறுத்துகிறது. பொய் எழுதியிருந்தால் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு நிம்மதியாகப் போயிருக்கலாம்.

வேலை போனவரை நாங்கள் எல்லோரும் மருந்துக்காரர் என்போம். ஆளுக்கு மருந்து கொடுப்பவர் அல்ல, கரப்பான்பூச்சிக்கு மருந்து வைப்பவர். நேரில் நான் "அண்ணே" என்று கூப்பிடுவேன். அவர் "தம்பி" என்பார், ஆனால் வாங்க போங்க என்றுதான் பேசுவார்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

'முன்னொரு காலத்தில், இனிப்பைக் கண்டால் ஓடுகிற ஒரு கரப்பான்பூச்சி இருந்தது. செத்துப்போன உறவினர்களைப் பார்த்துப் பார்த்து அது பாடம் கற்றுக்கொண்டு—'

(இங்கேயே நிறுத்திவிட்டேன். மருந்துக்காரர் படித்தால் முகத்தைச் சுளிப்பார். ஒருமுறை அவர் எதிரில் "பூச்சியெல்லாம் உஷாராயிடுச்சு போல" என்று சொல்லிவிட்டு நான் வாங்கிக்கட்டிக்கொண்டது இன்னும் மறக்கவில்லை.

"உஷாராவுறதுக்கு அது என்ன பரீட்சைக்கா படிக்குது? ஒண்ணும் கத்துக்கல தம்பி. தின்னதெல்லாம் செத்துச்சு. தின்னாதது பிள்ளை பெத்துச்சு. அவ்வளவுதான் விஷயம்."

பின்னாளில் இதைப் பற்றி நான் தேடித்தேடிப் படித்தேன். தடித்தடிப் புத்தகங்கள். அவர் சொன்ன நாலு வாக்கியத்துக்கு மேல் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.)

இரண்டாவது தொடக்கம்:

'காலை ஷிஃப்ட் முடிந்து அடுத்த ஷிஃப்ட் வருவதற்குள் கிடைக்கும் முக்கால் மணி நேரம்தான் மருந்துக்காரருக்குச் சொந்தம்.'

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

3

காலை ஷிஃப்ட் முடிந்து அடுத்த ஷிஃப்ட் வருவதற்குள் கிடைக்கும் முக்கால் மணி நேரம்தான் மருந்துக்காரருக்குச் சொந்தம். பெல்ட் நிற்கும். ஓவன் பக்கம் அனல் மட்டும் மிச்சமிருக்கும். அவர் முட்டிக்குக் கீழே பழைய ரப்பர் மிதியடி ஒன்றைப் போட்டுக்கொண்டு, வாயில் டார்ச்சைக் கவ்வியபடி, பேக்கிங் மெஷினின் அடியில் தலையை நுழைப்பார். கையில் ஊசிக்குழல். அதில் பழுப்பு நிறத்தில் ஜெல். மோட்டார் மூடியின் உள்விளிம்பு, மின்பெட்டியின் கீல், பைப் சுவருக்குள் போகிற ஓட்டை, ஒவ்வொரு இடத்திலும் ஒரு பொட்டு. பருப்பு அளவுக்கு மேல் இருக்காது. வைத்துவிட்டு, அங்கே தொங்கும் அட்டையில் தேதி எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

பன்னிரண்டு வருடம் இதே வேலை, இதே ஜெல். நல்ல இனிப்பு போட்டுச் செய்தது அது. பூச்சி வாசனை பிடித்து வரும், தின்னும், பொந்துக்குள் போய்ச் சாகும்.

"மத்தவங்க மாதிரி கண்ணுக்குத் தெரியுற இடத்துல நாலு பொட்டு வச்சிட்டு டீ குடிக்கப் போற ஆள் நான் இல்ல" என்பார். உண்மைதான். முந்நூற்றுச் சொச்சம் இடங்கள். ஒன்றைக்கூட விட மாட்டார். அந்தத் தொழிற்சாலையில் சுத்தம் பார்க்க வந்த அதிகாரிகள் அட்டைகளைப் பார்த்துவிட்டு அவரைக் கூப்பிட்டுக் கைகொடுத்துவிட்டுப் போன நாட்கள் உண்டு. அன்றைக்கெல்லாம் ஆள் தரையில் நிற்க மாட்டார்.

ஒரு நாள் ஓவன் பக்கத்தில் முட்டி போட்டிருக்கும்போது, அவர் கண்ணெதிரே ஒரு கரப்பான் வந்தது. பொட்டின் பக்கத்தில் போயிற்று. வாயை வைத்தது. சட்டென்று பின்வாங்கி, முன்காலால் வாயைத் துடைத்துத் துடைத்து எடுத்தது. பச்சைக் குழந்தைக்குக் கசப்பு மருந்து கொடுத்தால் எப்படி, அப்படி. பிறகு திரும்பிப் பார்க்காமல் போயே போய்விட்டது.

மருந்துக்காரர் டார்ச்சை வாயிலிருந்து எடுத்தார். மறுநாளும் பார்த்தார். அதற்கு மறுநாளும். மொத்தக் கூட்டமும் அப்படித்தான் செய்தது.

[இங்கே ஒரு பகுதி வர வேண்டும். அவர் ஒரு காரியம் செய்தார். இப்போதைக்குத் தாண்டிப் போகிறேன். மறந்துபோய்த் தாண்டவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.]

4

கதை நடுவே கட்டுரை எழுதினால் வாசகர் எழுந்துபோய்விடுவார் என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள், சீக்கிரம் முடிக்கிறேன்.

ஆயிரக்கணக்கான கரப்பான்களில் நாலைந்து, பிறக்கும்போதே நாக்குக் கோளாறோடு பிறக்கும். மற்றவற்றுக்கு இனிக்கிறது இவற்றுக்குக் கசக்கும்.* சாதாரண நாளில் இவை சவலைகள். இனிப்பு கிடைத்தும் தின்னாமல் மெதுவாக வளரும், பின்தங்கும். யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் ஊரெல்லாம் விஷம் கலந்த இனிப்பை வைத்துவிட்டால்? நல்ல நாக்கு உள்ளவை வரிசையாகச் சாகும். கோளாறு நாக்கு உள்ளவை மாவையும் கொழுப்பையும் நக்கிக்கொண்டு உயிரோடு இருக்கும், குடும்பம் நடத்தும். ஒரு முட்டைக்கூட்டில் முப்பது, நாற்பது குஞ்சு. அம்மாவின் நாக்கு பிள்ளைக்கு. மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தலைமுறை என்றால், பன்னிரண்டு வருடத்தில் நாற்பது தலைமுறை ஆகிவிடும். எந்தப் பூச்சியும் மாறவில்லை. கூட்டத்தில் யார் யார் மிச்சம் என்பதுதான் மாறியது.

* சரியாகச் சொன்னால் குளுக்கோஸ். ஆய்வுக்கூடக்காரர்கள் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். ஆண் கரப்பான் பெண்ணை மயக்கத் தன் முதுகில் இனிப்பாக ஒன்றைச் சுரந்து விருந்து வைக்குமாம். நாக்கு மாறிய பெண், விருந்தில் வாயை வைத்ததும் ஓடிவிடுகிறதாம். மருந்துக்காரரின் மனைவியிடம் இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார். சொல்லும் நிலையில் நான் இல்லை.

இதில் என் வயிற்றெரிச்சல் எங்கே என்றால், மருந்துக்காரர் சோம்பேறியாக இருந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் இது நடந்திருக்காது. நூறு பொந்துகளை மறந்து விட்டிருந்தால், அங்கெல்லாம் பழைய நாக்குக் கரப்பான்கள் பிழைத்து, மற்றவற்றோடு கலந்து, புது நாக்கை நீர்த்துப்போகச் செய்திருக்கும். அவர் ஒரு பொந்தையும் மறக்கவில்லை. அவருடைய நேர்மைதான் அந்தக் கூட்டத்தைச் சலித்தெடுத்தது.

5

எட்டு மாதம் கழித்து, எங்கோ ஒருவர் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தபோது உள்ளே கரப்பான் இருந்தது. படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார். மேனேஜருக்குப் பலி கொடுக்க ஒரு தலை வேண்டியிருந்தது. மருந்துக்காரர் ஜெல்லை வெளியில் விற்றுவிட்டு, வெறும் சர்க்கரைப் பாகைப் பொட்டாக வைத்திருக்கிறார் என்று பேச்சு கிளம்பியது. யார் கிளப்பியது என்று கேட்காதீர்கள். மூன்றாம் நாள் விசாரணை என்று ஓலை வந்தது.

அன்று சாயங்காலம் மருந்துக்காரர் இரண்டு கண்ணாடி ஜாடிகளோடு வீட்டுக்குப் போனார். ஒன்றில் தொழிற்சாலைக் கரப்பான்கள் பத்து. இன்னொன்று காலி.

"அது எதுக்கு?" என்றார் மனைவி.

"மருந்தே வைக்காத வீட்டுப் பூச்சி பத்து வேணும். உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வரேன்."

"எங்க அண்ணன் வீட்ல கரப்பான் இருக்குன்னு உங்க மேனேஜர் வரைக்கும் போய்க் காட்டப் போறீங்களா? மானம் போகுது."

"இருக்குதா இல்லையா?"

"இருக்கு. அதுக்காக?"

"வேலை போகப் போகுது. திருட்டுப் பட்டத்தோட போகப் போகுது. உன் அண்ணன் மானத்த அப்புறம் பாத்துக்கலாம்."

மனைவி உள்ளே போய், ஜாடி வாயைக் கட்டப் பழைய வேட்டித் துணியைக் கிழித்துக்கொண்டு வந்தார்.

விசாரணை நாள். மேனேஜர் அறை, காலை பதினொரு மணி. மேசைமேல் இரண்டு ஜாடிகள். இரண்டிலும் ஒரே குழலிலிருந்து ஒவ்வொரு பொட்டு. மைத்துனர் வீட்டுக் கரப்பான்கள் அடித்துப்பிடித்துக்கொண்டு தின்றன. தொழிற்சாலைக் கரப்பான்கள் வாயை வைத்தன, துடைத்துக்கொண்டன, ஒதுங்கின. பிறகு மருந்துக்காரர் ஒரு சிட்டிகை மாவைப் போட்டார். அதே கரப்பான்கள் பாய்ந்து வந்தன.

"பசி இருக்கு சார். இனிப்புதான் புடிக்கல. மருந்து சுத்தமான மருந்துதான். நீங்களே பாத்தீங்களே, அந்த ஜாடில தின்னுச்சே" என்றார். முகத்தில் பெருமை இருந்தது. பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக மேனேஜர் அறையில் அவர் பேச, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மேனேஜர் ஜாடியைத் தட்டிப் பார்த்தார். "இந்த மாதிரிப் பூச்சி எங்கேர்ந்து வந்துச்சு?"

"எங்கேர்ந்தும் வரல சார். இங்கயே உண்டானது."

"யாரு உண்டாக்குனா?"

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் சுதாரித்திருப்பார்கள். மருந்துக்காரர் பாவம், கேள்வியைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். கொஞ்சம் யோசித்து, பாடம் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார்: "பாத்தா நான்தான் சார். இனிப்பு திங்குறத எல்லாம் பன்னெண்டு வருஷமா நான்தானே கொன்னேன். மிச்சம் இருந்ததுதான் பெருகிடுச்சு."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "எழுதிக்கோ."

6

அறிக்கை:

பன்னிரண்டு ஆண்டுகளாகப் பூச்சி மருந்து வைக்கும் பொறுப்பு இவருடையது. இவர் வைக்கும் மருந்தைப் பூச்சிகள் தின்பதில்லை என்பது நேரில் காணப்பட்டது. இத்தகைய பூச்சிகள் இவ்வளாகத்திலேயே உண்டானவை என்று இவரே கூறினார். அவை உண்டானதற்குத் தாமே காரணம் என்றும் ஒப்புக்கொண்டார். இது குறித்து முன்பே கடிதம் கொடுத்ததாக இவர் கூறுவதற்குப் பதிவேட்டில் ஆதாரம் இல்லை. மேற்கண்டவை நிர்வாகத்தின் முடிவுக்கு வைக்கப்படுகின்றன.

ஐந்தாவது வாக்கியத்தில் உங்களுக்குப் பொறி தட்டியிருக்கும். தாண்டிப் போன பகுதிக்கு வருகிறேன். இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது.

கரப்பான் வாயைத் துடைத்ததைப் பார்த்த அந்த வாரமே மருந்துக்காரர் ஒரு கடிதம் எழுதினார். செவ்வாய்க்கிழமை மத்தியான இடைவேளை. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் மேசைக்கு எதிரில் வந்து நின்று நீட்டினார்.

"சாப்பாட்டு நேரத்துல வந்துட்டேன், கோச்சுக்காதீங்க தம்பி. இத மேனேஜர் கிட்ட சேத்துடுங்க. அவசரம்."

இடது கையால் வாங்கிக்கொண்டேன். வலது கையில் சோறு. பதிவேட்டில் எழுத வேண்டும், முத்திரை வைக்க வேண்டும், நகல் ஒன்று கையில் தர வேண்டும். "கை கழுவிட்டுப் போட்டுக்கறேண்ணே, நீங்க போங்க" என்றேன். கை கழுவிய பிறகு மறந்துவிட்டேன். சாயங்காலம் ஞாபகம் வந்து மேனேஜரிடம் காட்டினேன். அவர் பாதி படித்தார். "ஸ்டோர்ல பழைய ஜெல் நாலு பெட்டி கெடக்கு. அது தீரட்டும். இத எங்கயாவது போடு." போட்டேன். என் மேசை இழுப்பறையில். பதிவேட்டில் ஏற்றவில்லை, ஏற்றினால் பதில் எழுத வேண்டும்.

விசாரணையில் மருந்துக்காரர் என்னைக் காட்டி, "இந்தத் தம்பி கையிலதான் குடுத்தேன்" என்றார். மேனேஜர் என்னைப் பார்த்தார். அப்போது அவர் கண்ணில் கேள்வி எதுவும் இல்லை.

"பதிவேட்டுல இல்ல சார்" என்றேன்.

7

இந்தக் கதையை நான் எழுத உட்கார்ந்ததே ஒரு சாக்குத் தேடித்தான். கிடைத்தது என்றும் நினைத்தேன். போன மாதம் எழுதிய பத்தி இது, அழிக்காமல் விடுகிறேன்:

'அந்த வருடம் அலுவலகத்தில் ஆட்குறைப்பு. விடுமுறை கேட்டுச் சண்டை போட்டவர் முதலில் போனார். கூடுதல் நேர வேலையை எதிர்த்துப் பேசிய அம்மா அடுத்து. கணினி ஆள், மேனேஜரின் தப்பை எல்லோர் முன்னாலும் திருத்தியவர், அவரும் போனார். மிச்சம் இருந்தோம் நாங்கள். யாரும் வாய்மூடக் கற்றுக்கொள்ளவில்லை. வாய் திறந்தவர்கள் நீக்கப்பட்டார்கள். சூழல் எங்களைச் சலித்தெடுத்தது. மேனேஜரே எங்களுக்கு வைக்கப்பட்ட—'

எழுதிவிட்டு எழுந்து நடந்தேன். எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்று எனக்கே புல்லரித்தது. டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். வெட்கமாகப் போயிற்று.

கரப்பானுக்கு அந்த நாக்கு பிறப்பிலேயே வந்தது. அது யோசித்து ஒதுங்கவில்லை, கசந்தது, ஒதுங்கியது. நான் அப்படியா? இழுப்பறைச் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. மேனேஜர் அறைக் கதவைத் தாண்டினால் நாலு அடியில் என் மேசை. எழுந்துபோய்த் திறந்து எடுத்து வந்திருக்கலாம். அதிகபட்சம் என் வேலையும் போயிருக்கும். அதைக் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தேன். பூச்சிமேல் பழியைப் போட எனக்கு என்ன யோக்கியதை?

மேனேஜர் அடிக்கடி சொல்வார், "தகுதி உள்ளவன்தான் தாக்குப்பிடிப்பான்" என்று. அதுவும் தப்பு. தாக்குப்பிடித்தது என்பதற்கு, அந்த இடத்தில், அந்த விஷத்துக்கு நடுவில் செத்துப்போகவில்லை என்பதற்கு மேல் ஒரு பொருளும் கிடையாது. அதே கரப்பான் மருந்தில்லாத வீட்டில் சோணங்கி. நான் அங்கே இன்னும் நாலு வருடம் வேலை பார்த்தேன், பதவி உயர்வும் கிடைத்தது.

8

இனி முடிவு. முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

போன மழைக்காலத்தில் பல்வலி என்று ஒரு பல் மருத்துவமனைக்குப் போனேன். வாசலில் டோக்கன் கொடுக்கும் மேசைக்குப் பின்னால் மருந்துக்காரர். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டார். பக்கத்தில் அவர் மனைவி, மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்தவர், பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

நலம் விசாரித்தோம். அவருக்கு என்மேல் கோபமே இல்லை என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. ஆறு வாக்கியமும் மேனேஜர் சொல்லச் சொல்ல நான் எழுதியது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, ஒண்ணு கேக்கணும். நல்லவேளை, இவளும் இருக்கா. அந்தக் கடுதாசி, அத நான் உங்க கையில குடுத்தேனா?"

நான் பதில் சொல்வதற்குள் மனைவி குறுக்கிட்டார். "விடுங்களேன். ஏழு வருஷமா இதே பாட்டு. எழுதுனது நெஜம், நான் பாத்தேன். ஆனா இவரு குடுக்கல. பயந்துகிட்டுப் பையிலயே வச்சிருந்து எங்கயோ தொலைச்சுட்டாரு. நேரா சொன்னா நான் என்ன கடிச்சா துன்னப் போறேன்? குடுத்தேன் குடுத்தேன்னு எங்கிட்டயே பொய்."

"பொய் இல்லன்னுதான் நெனைக்கிறேன்" என்றார் மருந்துக்காரர். "ஆனா இவ சொல்லச் சொல்ல, எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு தம்பி. நீங்க சாப்பிட்டுட்டு இருந்த மாதிரி ஒரு ஞாபகம். அது அன்னைக்குத்தானா, வேற நாளான்னு தெரியல. நீங்க சொன்னா சரி. குடுத்தேனா இல்லையா?"

முடிவு ஒன்று: "குடுத்தீங்கண்ணே" என்கிறேன். அவர் மனைவி பக்கம் திரும்புகிறார். மனைவி—

முடிவு இரண்டு: ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்து, வேலையை விட்டபோது எடுத்துவந்த அந்தக் கடிதத்தை உறையில் போட்டு, அனுப்புநர் பெயர் இல்லாமல் அவர் முகவரிக்கு—

முடிவு மூன்று: இந்தக் கதை அச்சாகிறது. பல் மருத்துவமனையின் வரவேற்பறையில் கிடக்கிறது. அவர் படிக்கிறார். மனைவியிடம் காட்டுகிறார். "இது கதைன்னுதானே போட்டிருக்கு" என்கிறார் மனைவி.

இந்த மூன்றாவதை நம்பித்தான் இவ்வளவு தூரம் தைரியமாக எழுதினேன். கதை என்று மேலே போட்டுவிட்டால் வாக்குமூலம் ஆகாது, யாரும் கையைப் பிடித்து இழுக்க முடியாது. நல்ல பொந்து.

நடந்தது என்னவென்றால், நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "ஞாபகம் இல்லையேண்ணே" என்றேன்.

அவர் தலையாட்டினார். மறுபடி மறுபடி ஆட்டினார். "இருக்கும், இருக்கும். நான்தான் குடுக்காம இருந்திருப்பேன்" என்றார். மனைவி ஜெயித்த முகம் காட்டாமல் எழுந்து அவர் தோளைத் தட்டினார். "சரி விடுங்க. இப்பவாவது ஒத்துக்கிட்டீங்களே" என்றார்.

முதல் முடிவை ஐந்து தடவை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் மனைவி திரும்புகிற இடத்தில் கை நின்றுவிடுகிறது. அந்த வீட்டு ஏழு வருடத்தை என்னால் எழுத முடியவில்லை. எனக்கு அந்த உரிமையும் இல்லை. நீங்கள் எழுதுங்கள். அவரை அழ வையுங்கள், என்னை அடிக்க வையுங்கள், எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். அவர் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை, மத்தியானம். என் கையில்தான் கொடுத்தார்.